பகைக்குப் பகை: மாவுப்பூச்சியும் பொறிவண்டும்

பகைவனைப் பகைவனைக் கொண்டே வெல்லுதல் அரசியலார் கண்ட தந்திரம் மட்டுமன்று. கமத்தொழிலிலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. எம் அயலில் அது கோப்பிச் செடியோடு தொடங்குகின்றது.

1869இல் தோன்றிய இலைத்துரு நோயினால் நலிந்திருந்த இலங்கைக் கோப்பித் தோட்டங்களை, 1882 முதல் பச்சைச் செதிற்பூச்சியும் பற்றிக்கொண்டது. துருவுக்குத் தப்பிய செடிகளுட் பல இதற்குத் தப்பவில்லை. அத்தசாப்தத்தின் இறுதியிலேதான் கலிபோர்ணியாவிலிருந்து வியப்பானதொரு செய்தி பரவிற்று. அங்கே தோடை மரங்களைப் பாழாக்கிய பஞ்சுச் செதிற்பூச்சியை அழிக்க, 1888இல் அல்பேட் கோபெலே என்பார் அவுஸ்திரேலியாவிலிருந்து வெடாலியாப் பொறிவண்டை அனுப்பினார். ஈராண்டுக்குள் தோடை பிழைத்தது. 1891-92இல் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்னும் வேறொரு பொறிவண்டையும் அவரே அங்கு சேர்ப்பித்தார்.

இவ்வண்டு 1898இல் இந்தியாவுக்கு வந்தது. நோக்கம் மாவுப்பூச்சியன்று, கோப்பியைக் கெடுத்த அதே பச்சைச் செதிற்பூச்சி. அந்நோக்கம் நிறைவேறவில்லை. ஆயினும் வண்டு மாண்டுபோகாது, தனக்கு உவந்த மாவுப்பூச்சியை நாடித் தென்னிந்தியாவில் நிலைகொண்டது. அழைத்தவன் காட்டிய இரையை விட்டுத் தன் இரையைத் தானே தெரிந்துகொண்டது எனலாம். தென்னாபிரிக்காவிலோ அது நன்மைக்கு இடையூறாகவும் அமைந்தது. சப்பாத்திக் கள்ளியை ஒழிக்க 1938இல் அங்கு விடப்பட்ட கொச்சினீல் பூச்சி மாவுப்பூச்சியின் இனத்தது. முன்னரே குடியேற்றப்பட்டிருந்த பொறிவண்டு அதனையும் தின்னத் தலைப்பட்டது. வண்டுக்கு நண்பர் யார், பகைவர் யார் என்பது தெரியுமா?

இந்நூற்றாண்டில் இலங்கை கண்ட பெரும் மாவுப்பூச்சி பப்பாசிக்குரியது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதிக்குரிய அப்பூச்சி, 2008இல் இலங்கையிலும் கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. இம்முறை வெற்றியைத் தந்தது இரைகௌவியான வண்டன்று. ஒரு மில்லிமீற்றரும் நீளாத ஒட்டுண்ணிக் குளவி. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2009இல் இலங்கைக்கும், 2010இல் தமிழ்நாட்டுக்கும் அது கொணரப்பட்டது. வண்டு, இரை மலிந்துள்ளவரை ஒரு மரத்தில் உண்டு, குறைந்ததும் அகன்றுவிடும். குளவியோ எஞ்சிய பூச்சிகளையும் தேடிச்சென்று அவற்றின் உடலுள்ளே முட்டையிடும்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வரலாறு வெறும் ஆராய்ச்சிச் செய்தியன்று. பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை ஆகிய மூன்றும் இப்பூச்சிக்கு உணவு. இவற்றுள் ஒன்றேனும் நில்லாத வளவு எம்மிடை அரிது. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் கிணற்று நீரே. மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வை கிருமிநாசினியை எளிதில் உள்ளே விடாது. ஆதலின் மீண்டும் மீண்டும் தெளிக்க நேர்கின்றது; தெளித்த நஞ்சு மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கிணற்றைச் சென்றடையவும் கூடும். அதனால் முதலில் மடிவனவோ போர்வையற்ற குளவியும் வண்டுமே.

இன்னுமொன்று. கிரிப்டோலேமஸ் வண்டின் குடம்பியும் வெண்மெழுகு இழைகளால் மூடப்பெற்று மாவுப்பூச்சி போலவே தோன்றும். அளவிற் சற்றுப் பெரியது, விரைந்து ஊர்வது. இவ்வேறுபாட்டை அறியாதவர் கைக்கு முதலில் அகப்பட்டு நசுங்குவதும் அதுவே.