கார் மேட் வாங்கப் போய்ப் படித்த சரித்திரம்



போன மாதம் காலாப்பட்டிலிருந்து திரும்பும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடிவந்தது. பிரேக்கை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடந்தது. காலால் அதை இழுத்துவிட்டு மறுபடி மிதிக்க, வண்டி நின்றது. நாய் தப்பியது. பக்கத்தில் இருந்த என் மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

குற்றம் என்னுடையது. பழைய மேட் கிழிந்துவிட்டதென்று, மலிவாகக் கிடைத்த ரப்பர் மேட்டை அதன் மேலேயே போட்டிருந்தேன்.

கோப்பை முழுக்கப் படிக்காமல் மேலே அனுப்பாத குமாஸ்தா புத்தி இன்னும் போகவில்லை. புதிது வாங்குமுன் இந்த மேட்டின் சரித்திரத்தைப் புரட்டினேன்.

பிரெஞ்சு வகுப்பில் வாசல் மிதியடிக்கு 'பையஸோன்' என்று படித்தோம். வைக்கோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த வைக்கோல் சொல்லின் உச்சரிப்பு நம் 'பாய்' போலவே இருக்கும். வகுப்பே சிரித்தது. ஒலி ஒற்றுமைதான், உறவு கிடையாது.

நம் வீட்டு வாசல்களில் கிடந்தது வைக்கோல் அல்ல, தென்னை நார். தேங்காய் மட்டையைக் காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து நார் எடுத்து, கயிறு திரித்து நெய்வார்கள். உப்புத்தண்ணீரைத் தாங்கும் நார் என்பதால் கப்பல் கயிறுக்கும் அதுவே. 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, இந்த மிதியடிகள் கடல் கடந்து போயின.

எங்கள் அலுவலக அம்பாசடரிலும் நார் மேட்தான். மணலை உள்ளே வாங்கிக்கொள்ளும், கால் வழுக்காது. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் காயாது. அடியில் தகரம் துருப்பிடிக்கும். நம் ஊர்க் கடல்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

ரப்பருக்கு அந்தக் குறை இல்லை. கழுவித் துடைத்தால் போதும். ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டையும் தாங்கும் என்று 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் டயரும் வந்தது, மேட்டும் வந்தது.

அடுத்து நான் படித்தது தூக்கத்தைக் கெடுத்தது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் போன 4 பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டை அதில் போட்டிருந்தார்கள். ஆக்சிலேட்டர் அதில் சிக்கி மேலே வரவில்லை. அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம், அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிக்காரர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது.

எனக்கு நடந்ததும் அதே ஜாதிதான். என் வேகம் குறைவு, அவ்வளவே.

கடையில் பையன் ஏழெட்டு வகை விரித்தான். பளபளப்பு, தையல் வேலை எதையும் நான் பார்க்கவில்லை. மூன்றே கேள்வி கேட்டேன். என் வண்டியின் மாடலுக்கே செய்ததா? தரையில் உள்ள கொக்கியில் மாட்டத் துளை இருக்கிறதா? மூன்று பெடலையும் கடைசிவரை மிதித்தால் எங்காவது உரசுகிறதா? பழையதை எடுத்துவிட்டு, எஞ்சினை அணைத்து வைத்தே மிதித்துப் பார்த்தேன். தேறியது ஒரு சாதாரணக் கறுப்பு ரப்பர் மேட்.

என் மனைவி குனிந்து அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"சரிங்க, போகலாம்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

நம் வயதில் குனிவது சிரமம்தான். ஆனாலும் நாளைக்கு வண்டி எடுக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.