புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி

எந்தச் சத்து மாத்திரை நல்லது என்று சத்வாவில் அன்பர்கள் பலர் கேட்கின்றனர். "பலருக்குக் குணமாயிற்று" என்பது சாட்சியாகாது. உண்ணாதவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பழங்கதை ஒன்று நம்மவர் சோற்றைப் பற்றியது.

மலாயாவில் நூறாண்டுக்கு முன் பெரிபெரி நோய் சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து சாகச் செய்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரையோ அது அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் இடமா, அரிசியா? அரிசி என்பதை நம்பாத டாக்டர் வில்லியம் பிளெட்சர், 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர் ஒரு கூடம், இரட்டை எண்ணினர் மறு கூடம். ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசி, மறு சாராருக்குப் புழுங்கல். இடையில் கூடங்களையும் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. (இன்று இத்தகைய சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.)

நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டிமார் இதை அறிந்து அவித்தார்கள் என்று பெருமை பேச வேண்டாம். அச்சத்துக்கு அன்று பெயரே கிடையாது. அது நீரில் கரைவது. அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும்.