விதைப் பெயரில் இருக்கும் வம்சாவளி

வன்னியம்பட்டிக்காரர்களுக்கு ஒரு பக்கம் பருத்தி ரகம் உருவாகும் ஸ்ரீவில்லிபுத்தூர், மறுபக்கம் அந்தப் பருத்தி நூலாகும் ராஜபாளையம். இடையில் விதை விற்றுப் பிழைத்தவன் நான். ரகத்தின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் அதன் வரலாறு முழுக்கத் தெரிந்துவிடும்.

எம்சியு என்றால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. இந்த வரிசையில் எம்சியு 5 வெளியானது 1968இல். பிறகு வாடல் நோயைத் தாங்கும் வகை வந்தபோது புது எண் போடவில்லை. எம்சியு 5 விடி என்று வால் மட்டும் சேர்த்தார்கள். செல்போன் செயலியில் கோளாறைச் சரிசெய்து 2.1 என்று வெளியிடுகிறார்களே, அதே முறை. 1974இல் வந்த சுவின், சுஜாதாவும் செயின்ட் வின்சென்டும் சேர்ந்த பிள்ளை; 120ஆம் நம்பர் நூல் வரை நூற்கலாம். எல்ஆர்ஏ 5166இல் லட்சுமி, ரெபா, ஏசி 122 என மூன்று பெற்றோர் இருக்கிறார்கள்.

பிறந்த ஊரைச் சொல்லும் பெயர்களும் உண்டு. கே என்றால் கோவில்பட்டி, ஏடிடி என்றால் ஆடுதுறை, எஸ்விபிஆர் என்றால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். இங்குள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்விபிஆர் 2, 1996இல் வந்தது.

வெளியீட்டுக்கு முன்னால் ரகத்துக்கு வயல் எண்தான். 1966இல் வெளியான ஐஆர் 8 நெல், அதற்கு முன் ஐஆர் 8-288-3. எட்டாவது ஒட்டு, 288ஆம் வரிசை, மூன்றாவது செடி. அந்த வருடமே விதைச் சட்டமும் வந்தது. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். பெயர் ரகத்தைச் சொல்லும். அட்டையின் நிறம் அது எத்தனையாவது படி விதை என்று சொல்லும்.

2002இல் மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2006இல் அதன் அடுத்த வகையான போல்கார்டு 2 வந்தது. இந்த 2 செடியின் எண் அல்ல. உள்ளே செருகிய இரண்டு மரபணுக்களைக் குறிப்பது. அந்த ஒரே எண்ணின் கீழ் எத்தனையோ கம்பெனிகளின் வீரிய ஒட்டு ரகங்கள் விற்றன. பாக்கெட்டில் வணிகப் பெயர் பெரிதானது, ரகப் பெயர் பொடி எழுத்தானது.

இது சின்ன விஷயமில்லை. காய்ப்புழு விழுந்தாலும் விளைச்சல் பொய்த்தாலும், எந்த ரகம், யார் உருவாக்கியது என்று தெரிந்தால்தான் சம்சாரி நியாயம் கேட்க முடியும். ரகப் பெயரையும் பெற்றோரையும் பாக்கெட்டின் முகப்பில், தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும். அறுபது வருடம் முன்பே வரிசையும் செடியும் வரை குறித்துவைத்த தொழில் இது. அந்தக் கணக்கு விதைக்கிறவன் கைக்கும் வந்தாக வேண்டும்.