ஆக்சில் மாறவில்லை, பிரேக் மாறியது: 1928–48 ஃபோர்டு கார்களின் முன்சக்கரப் பாகங்கள்

1930-இன் ஃபோர்டு மாடல் ஏ காரின் முன் ஆக்சிலில் 1940-இன் ஹைட்ராலிக் பிரேக்கைச் சிறு திருத்தங்களோடு பூட்டிவிட முடிகிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. ஹென்றி ஃபோர்டின் பிடிவாதம் தெரியாமல் விட்டுச்சென்ற கொடை இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மால்கம் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க், 1924-இல் கிரைஸ்லர், 1928-இல் பிளிமத், 1936-இல் செவ்ரோலே என அது விலை குறைந்த கார்கள்வரை இறங்கி வந்தது. ஃபோர்டு மட்டும் அசையவில்லை. 1936 வரை இரும்புக் கம்பிகள், 1937, 1938-இல் கேபிள், 1939-இல்தான் ஹைட்ராலிக். ஆனால் அப்போதும் மாறியது சக்கரத்துக்குள் இருந்த பொறியமைப்பு மட்டுமே. ஒற்றை இரும்பு ஆக்சில், குறுக்கே கிடக்கும் வில்பட்டை, கிங்பின்னில் திரும்பும் ஸ்பிண்டில் ஆகியவை 1948 வரை அதே அமைப்பில் நீடித்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ரோட்ஸ்டர்களை வி8 எஞ்சினோடு ஓட்டிய இளைஞர்கள் வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்த வழி தேடியபோது, பழைய இரும்புக் கடைகளில் கிடந்த 1939–48 பிரேக்குகள் கைகொடுத்தது இதனால்தான்.

ஆயினும் 'எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது சக்கரப் போல்ட்டுகளை. 1936 முதல் 1939 வரை ஐந்து போல்ட்டுகளும் 10¼ அங்குல வட்டத்தில் அகலமாக நின்றன. 1928–35 கார்களிலும் 1940-க்குப் பிறகும் அந்த வட்டம் 5½ அங்குலம். ஆக, 1939-இன் பிரேக் டிரம்மைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். மாடல் ஏ-இன் பழைய சக்கரத்தையே வைத்துக்கொள்ள விரும்புவோர் 1940-க்குப் பிந்திய டிரம்மையே தேடுவதற்கும் இதுவே காரணம்.

ஸ்பிண்டிலை அடையாளம் காண்பது அவ்வளவு எளிதல்ல. 1937–41 ஸ்பிண்டிலின் பின்முகம் வட்டம். 1942–48-க்கு உரியது சதுரம். கிங்பின் நுழையும் ஆக்சில் முனையின் உயரமும் முன்னதற்கு 2¼ அங்குலம், பின்னதற்கு 2⅜ அங்குலம். எட்டில் ஒரு பங்கு அங்குலம்தானே என்று ஷிம் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. அது சரியான வேலையல்ல.

பாகத்தின் மேலுள்ள எண்ணும் உதவும், அதைப் படிக்கத் தெரிந்தால். எண்ணின் முன்னொட்டில் 91ஏ என்றிருந்தால் 1939, 01ஏ என்றால் 1940, 21ஏ என்றால் 1942. நடுவிலுள்ள எண் 2000 வரிசையில் இருந்தால் பிரேக், 3000 வரிசையில் இருந்தால் முன் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும். ஆனால் முன்னொட்டு சொல்வது அந்த வடிவம் முதலில் வந்த ஆண்டை. அது எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்பதை அல்ல. விற்பவர் சொல்லும் ஆண்டும் எண் காட்டும் ஆண்டும் முரண்பட்டால், அதை மட்டும் வைத்து அவரைப் பொய்யர் என்றுவிட முடியாது.

1939–48 கார்களின் பிரேக் ஷூக்கள் கீழே தனித்தனி முளைகளில் நின்றன. 1948–52-இன் ஃபோர்டு எஃப்-1 டிரக்கில் வந்த பெண்டிக்ஸ் வகையில் ஒரு ஷூ மற்றதைத் தள்ளி டிரம்மோடு அழுத்தும். பெடலில் அதே மிதிக்குக் கூடுதல் பிடி கிடைக்கும். பலரும் எஃப்-1 பிரேக்கை நாடுவது இதனால். ஆனால் அதன் ஷூக்களைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டின் நடுத்துளை பழைய ஸ்பிண்டிலின் கழுத்தைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்ப லேத்தில் கடைந்த வளையம் வேண்டும். வளையமில்லாமல் முடுக்கினால் பிளேட்டை மையத்தில் நிறுத்த போல்ட்டுகளைத் தவிர வேறெதுவும் இராது. ஷூ டிரம்மில் ஒரு பக்கமாகவே உரசும்.

1949 மாடலில் ஃபோர்டு ஒற்றை ஆக்சிலைக் கைவிட்டு, சுருள்வில்லுடன் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்து இயங்கும் அமைப்புக்கு மாறியது. அந்தக் காரின் ஸ்பிண்டில் முந்தைய ஆக்சில்களில் பொருந்தாது.