லூத்தர் சேர்த்த ஒரு சொல்

மார்ட்டின் லூத்தர் 1522இல் வெளியிட்ட செருமானியப் புதிய ஏற்பாட்டில், மனிதன் நீதிமானாக்கப்படுவதைப் பவுல் கூறும் உரோமர் 3:28இல், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லை 'விசுவாசம்' என்பதனோடு சேர்த்தார். கத்தோலிக்கர் இதனை மூலத்தைத் திரித்தல் எனக் கண்டித்தனர். ஒன்றை மறுத்து மற்றொன்றை உடன்படுமிடத்து அச்சொல்லைப் பெய்தல் செருமானிய வழக்கு என்றும், பவுலின் கருத்தும் அதுவே என்றும் 1530இல் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதிய மடலில் லூத்தர் விடையிறுத்தார். முதற்காரணம் ஏற்கத்தக்கதே, இரண்டாவதுதான் வழக்கின் உயிர்நிலை. ஏனெனில் 'விசுவாசத்தினால் மட்டும்' என்னும் தொடர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 2:24இல் மட்டுமே, அதுவும் மறுப்பாகவே வருகிறது. அம்மடலை லூத்தர் 1522ஆம் பதிப்பின் முன்னுரையில் வைக்கோலுக்கு ஒப்பிட்டதில் வியப்பில்லை. 1547இல் திரெந்து சங்கம் அவர் கொள்கையை மறுத்தது. ஆயினும் கிருபையின்றி நற்செயலால் மீட்பு இல்லை என்பதையும் அச்சங்கமே விதித்தது. இவ்விரண்டாம் விதி பெரிதும் மறக்கப்பட்டது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிய கூட்டறிக்கையில் ஆக்சுபர்க்கு நகரில் ஒப்பமிட்டது 1999இல்தான்.