கஞ்சி ஏறிய பக்கங்கள்

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் புடவை, லுங்கி விற்கிறவர்களின் கைபேசிக்கு இன்றைக்கும் ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது: ஆயிரம் பேக்லிங்க், ஒரே வாரத்தில் கூகுள் முதல் பக்கம். கூடவே விலையும் இருக்கும். பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. அந்தச் சரக்கு 2012 ஏப்ரல் 24-ஆம் தேதியோடு சந்தையில் மதிப்பிழந்த சரக்கு. அது எப்படி உண்டாயிற்று, எப்படிச் செல்லாமல் போயிற்று என்று யாரும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னதில்லை. அதனால்தான் தறி ஓட்டிச் சம்பாதித்த காசை இன்னும் அதில் போடுகிறார்கள். நான் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன். இந்தப் பக்கத்துச் சிறு ஜவுளிக்காரர்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இந்த வரலாற்றை எழுதிவைக்கும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தபோது, தேடுபொறி என்பது அடிப்படையில் சொற்களை எண்ணும் இயந்திரம். நீங்கள் தேடும் சொல் ஒரு பக்கத்தில் எங்கே வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தும். எண்ணிக்கைதான் அளவுகோல் என்று தெரிந்த உடனே எண்ணிக்கையைக் கூட்ட ஆரம்பித்தார்கள். ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். படிக்க வருகிறவருக்கு உறுத்தும் என்பதால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குப் படாத இடத்தில், கீவேர்டு எழுத ஒரு பெட்டி இருந்தது. அதில் தங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களைக்கூடத் திணித்தார்கள்.

1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர், செர்கே பிரின், லாரி பேஜ், ஒரு கட்டுரை வைத்தார்கள். கூகுள் என்ற பெயரை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை அது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைத்துத் தேடுபொறிகளை ஏமாற்றுகிறார்கள் என்பதையும், அதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு என்பதையும் அந்தக் கட்டுரையே குறிப்பிடுகிறது. அதாவது இந்தத் தில்லுமுல்லு கூகுளுக்கு முன்பே இருந்தது. கூகுள் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்கள் கண்ட மாற்று வழி எளிமையானது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார். இன்னொருவர் தன் பக்கத்திலிருந்து உனக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சாட்சி. சாட்சி சொல்கிறவருக்கே நிறையப் பேர் சாட்சி சொல்லியிருந்தால் அவர் சொல்லுக்கு எடை கூடும். பேஜ்ரேங்க் என்ற பெயரில் இதை விளக்கிய ஆய்வறிக்கையில் மூன்றாவது பெயர் ராஜீவ் மோத்வானி. ஜம்முவில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 2009-இல் இறந்துவிட்டார்.

சாட்சிக்கு மதிப்பு வந்ததும் பொய்ச்சாட்சி வந்தது. ஒருவரே ஐம்பது இணையதளங்களைத் தொடங்கி ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொள்வது, காசு வாங்கிக்கொண்டு லிங்க் போடுவது, நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்ற மாற்று ஏற்பாடு எல்லாம் சில ஆண்டுகளிலேயே பெருகிவிட்டன. சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ணா பரத், ஜார்ஜ் மிஹைலாவுடன் சேர்ந்து 1999 வாக்கில் உருவாக்கிய ஹில்டாப் என்ற முறையை நான் இந்த வரலாற்றின் மிக அழகான இடமாகக் கருதுகிறேன். எல்லாச் சாட்சியையும் எண்ணாதே, ஒரு பொருளைப் பற்றி நன்கு அறிந்த பக்கங்களின் சாட்சியை மட்டும் எடு, அந்தச் சாட்சிகளும் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றது அது. உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு தளங்களின் ஐபி முகவரியில் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றாக இருந்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பங்காளியின் சாட்சியைத் தள்ளிவைக்கிற அதே நியாயம்.

ஆனால் இந்தத் தொழிலின் குணத்தைப் பாருங்கள். வெவ்வேறு ஐபி எண்களில் தளங்களை வைத்துத் தருகிறோம் என்று அதற்கும் ஒரு விலைப்பட்டியல் சந்தைக்கு வந்துவிட்டது. வெவ்வேறு 'சி கிளாஸ்' என்று அதற்குப் பெயர். உறவை மறைக்கவும் கட்டணம்.

2008, 2009 வாக்கில் நான் வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது உடன் இருந்த நண்பர்கள் சிலருக்கு இதுதான் வேலை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ யாரோ ஒருவரின் மெத்தைக் கடைக்கு இவர்கள் சென்னையில் உட்கார்ந்து லிங்க் சேர்க்க வேண்டும். இணைய முகவரிப் பட்டியல் தளங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் கடையின் பெயரையும் இரண்டு வரி விவரத்தையும் பதிய வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. பிறகு கட்டுரை சுழற்றுதல். மெத்தை வாங்குவது பற்றி ஒரு ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, 'நல்ல' என்ற இடத்தில் சிறந்த, அருமையான, உயர்ந்த என்று மாற்றுச் சொற்களை அடைப்புக்குள் கொடுத்தால், மென்பொருள் அதை நூறு கட்டுரைகளாக்கித் தரும். எதையும் யாரும் படிக்கப்போவதில்லை. எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். நன்றாகப் படித்த, ஆங்கிலம் கற்க ஆசையோடு ஊரிலிருந்து வந்த பிள்ளைகளின் உழைப்பு யாருமே படிக்காத பக்கங்களில் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. அதே சென்னையில் ஐஐடி முடித்த பிரபாகர் ராகவன், கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, லிங்க்குகளிலிருந்து நல்ல பக்கத்தைக் கண்டறியும் ஆய்வில் பங்கெடுத்தவர். 2020-இல் கூகுளின் தேடல் பிரிவுக்கே தலைவரானார். பூட்டு செய்தவர்களும் கள்ளச்சாவி அறுத்தவர்களும் ஒரே ஊரின் வழியாகப் போயிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டின. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மானியத் தளத்தை கூகுள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. பழைய கார் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்ட பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, ஆள் வந்து சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வாசல் பக்கம் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். சில நாட்களில் அவற்றை எடுத்த பிறகு தளம் திரும்ப வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடியைப் பற்றி எழுதியது. துணி, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் அந்தக் கடை முதலிடத்தில் நின்றது. காரணம், துணிக்குச் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் இருந்த ஆயிரக்கணக்கான லிங்க்குகள். கூகுள் கைவைத்தது. பத்திரிகை கவனித்த 59 தேடல்களில் பிப்ரவரி 1-ஆம் தேதி அந்தக் கடையின் சராசரி இடம் 1.3. பிப்ரவரி 10-ஆம் தேதி 52.

தறிக்காரன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் இங்கிலாந்தின் நெசவுப் பகுதியான லங்காஷயர் ஞாபகம் வரும். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து முடங்கியது. பாவுக்குப் போடும் கஞ்சியில் அங்கே மாவும் கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். அதில் கார்ன்வால் சீனக் களிமண்ணை மேலும் மேலும் கலந்தார்கள். அன்று இந்தியச் சந்தையில் வெளுக்காத கோராத் துணியை எடை பார்த்து வாங்கினார்கள். எட்டேகால் பவுண்டுத் துணி என்றே பெயர். எடை இருந்தால் நூல் இருக்கிறது என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல் களிமண் ஏற்றினார்கள். ஒரு சலவையில் களிமண் போய்விடும், கையில் சல்லடைத் துணி மிஞ்சும். ஈரம் பிடிக்கும் உப்புகளையும் சேர்த்ததால் பேல்கள் இங்கே இறங்கும்போதே பூஞ்சணம் பூத்திருந்தன, வழக்குகள் நடந்தன. 1889-இல் வந்த இந்திய வணிகக் குறிச் சட்டம், துணியின் நீளத்தைக் கஜக் கணக்கில் அதன் மேலேயே முத்திரையிட வேண்டும் என்றது. கஞ்சி போடாமல் பாவு ஓடாது, நூல் அறுந்துபோகும். எங்கள் வீட்டிலேயே கஞ்சி போட்டிருக்கிறார்கள். கஞ்சி குற்றமே இல்லை. நூலுக்குப் பதிலாகக் களிமண்ணை விற்றதுதான் குற்றம். தேடலுக்காகத் தளத்தைச் சீர்செய்வதும் அப்படித்தான். தலைப்பைத் தெளிவாக எழுதுவது, புடவையின் பெயரை மக்கள் தேடுகிற சொல்லால் சொல்வது, படங்கள் சீக்கிரம் திறக்கும்படி வைப்பது எல்லாம் பாவுக்குப் போடுகிற கஞ்சி. சொல் திணிப்பும் போலி லிங்க்கும் களிமண்.

களிமண்ணை உதறுகிற வேலை 2011-இல் மும்முரமாகத் தொடங்கியது. அந்தப் பிப்ரவரியில் வந்த மாற்றத்துக்கு பாண்டா என்று பெயர். கூகுள் பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயரைத்தான் வைத்தார்கள். அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டை அது பாதித்தது. வெறுமனே சொல் நிரப்பிய பக்கங்கள், சுழற்றிய கட்டுரைகள் சரிந்தன. 2012 ஏப்ரல் 24-இல் பெங்குவின் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காடு. இது பொய்ச்சாட்சிகளைக் குறிவைத்தது. என் பழைய அறை நண்பர்களுக்கு அதன் பிறகு நேர்மாறான வேலை கிடைத்தது. முன்பு போட்ட லிங்க்குகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் கடிதம் எழுதுவது. எடுக்க முடியாத லிங்க்குகளைக் கைவிடுகிறோம் என்று அறிவிக்க அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் ஒரு வசதியும் கொடுத்தது. 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய ஏற்பாட்டுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதிலிருந்து பெரும்பாலான போலி லிங்க்குகள் வெறுமனே கணக்கில் எடுக்கப்படாமல் போகின்றன. எங்கள் ஊர்க்காரர் கட்டுகிற பணம் நல்லபடியாகப் போனாலும் ஒன்றும் செய்யாது. மோசமாகப் போனால் தண்டனை வாங்கித் தரும்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை பள்ளிப்பட்டு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கு வாயிலும் ஆங்கில எழுத்திலும் புழங்கிப் புழங்கி, பள்ளிப்பட், பள்ளிப்பேட், பள்ளிப்பட்டு என்று பதிவுகளில் பல எழுத்துக்கூட்டல்கள். சென்னையில் தரமணிப் பக்கமும் ஒரு பள்ளிப்பட்டு இருக்கிறது. இதைக் காரணம் காட்டி, என் பெரியம்மா மகன் வைத்திருந்த புடவைத் தளத்தில் ஒரு நிறுவனம் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் பக்க அடியில் வரிசையாகத் திணித்திருந்தது. அதோடு திருத்தணி புடவை, நகரி புடவை, அரக்கோணம் புடவை, சோளிங்கர் புடவை என்று ஊருக்கு ஒரு பக்கம். ஊர்ப் பெயர் மட்டும் மாறும், மற்றபடி வரிக்கு வரி ஒன்றே. 2006-இல் ஜெர்மனியில் பட்டியலை விட்டே தூக்கிய வாசல் பக்கத்தின் தம்பிதான் அது. லிங்க்குகளும் வாங்கியிருந்தார்கள், பெரும்பாலும் ரஷ்ய மொழிச் சூதாட்டத் தளங்களிலிருந்து.

"தம்பி, போன மாசம் முதல் பக்கத்துல காட்டுனாங்கடா, நானே பாத்தேன். இப்ப கடைப் பேரைப் போட்டாக்கூட வர மாட்டேங்குது" என்றார்.

"அண்ணே, அவங்க காட்டுனது உங்க போன்ல. நீங்க தினம் உங்க தளத்தையே தொறக்கறீங்க, அதனால அது உங்களுக்கு முன்னாடி வந்திருக்கும்" என்றேன்.

தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் நடத்தும் தேடல் கன்சோலில் இயற்கைக்கு மாறான லிங்க்குகள் என்ற அறிவிப்பு கிடந்தது. அது மின்னஞ்சலாகவும் வந்திருக்கிறது. ஆனால் தளத்தைப் பதிந்ததே அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் என்பதால் அண்ணன் கண்ணில் படவில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு தறிக்காரரும் இன்றே சரிபார்க்க வேண்டும். டொமைன் பெயரும் கன்சோலும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா? இல்லையென்றால் கடை உங்களுடையது, சாவி வேறொருவர் கையில். ஊர்ப் பக்கங்களை அழித்தோம், அடியில் இருந்த பெயர்க் குவியலை எடுத்தோம், லிங்க்குகளைக் கைவிட்டதாகக் கோப்பு கொடுத்து, நடந்ததை விளக்கி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். தண்டனை நீங்கியது. பழைய இடம் அதோடு சேர்ந்து திரும்பிவிடாது என்பதையும் அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

தமிழுக்கு ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துருவில் இயங்கிய காலத்தில், தமிழ்ப் பக்கங்களைத் தேடுபொறியால் படிக்கவே முடியவில்லை. ஏமாற்றவும் அங்கே இடமில்லை. யூனிகோடு பரவி, 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்ற பிறகு தமிழ்த் தேடல் வளர்ந்தது, கூடவே களிமண்ணும் வந்தது. இப்போது கைத்தறிப் புடவையைத் தமிழில் தேடினால், இயந்திரம் மொழிபெயர்த்துக் கொட்டிய, ஊடைக்கும் பாவுக்கும் வித்தியாசம் தெரியாத பக்கங்கள் முன்னால் நிற்கின்றன. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் இதையும் சேர்த்தது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தேடல் வரிசையைக் குறிவைத்துப் பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது விதிமீறல். காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய மதிப்பில் குளிர்காய்வதும், நல்ல பெயருள்ள தளத்தின் நிழலில் வேறு சரக்கை விற்பதும் அதே பட்டியலில் சேர்ந்தன. விதி வந்துவிட்டது, தமிழில் அது எந்த அளவுக்கு நடைமுறையாகிறது என்பதைக் கவனிக்க நம்மில் ஆள் வேண்டும்.

அண்ணனின் தளத்தில் இப்போது ஒவ்வொரு புடவைக்கும் ஒரு பக்கம். நூல் எண், நீளம், அகலம், கைத்தறியா விசைத்தறியா, முதல் சலவையில் சாயம் போகுமா, எத்தனை நாளில் அனுப்ப முடியும் என்று அவரே கைபேசியில் பேசி அனுப்புவதை நான் எழுத்தாக்கிப் போடுகிறேன். முந்தானை முடிச்சுப் போடுவதைப் பெரியம்மா காட்டிய வீடியோவுக்கு, தையல் சொல்லித்தரும் ஒருவர் தானாக லிங்க் கொடுத்திருக்கிறார். மாவட்டத் தொழில் மையம் நெசவாளர்களுக்கு இணையவழி விற்பனை பற்றிப் பயிற்சி வைக்கும்போது, படம் எடுப்பதையும் பணம் பெறுவதையும் சொல்லித்தருவதோடு இந்த முப்பதாண்டு வரலாற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஒதுக்கினால் நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றும் அதில் சேர்த்திருக்கிறேன்.