உலைக்குத் தப்பிய நாலணா

அமெரிக்காவில் பழைய வெள்ளிக் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பேங்குக்குப் போய்ப் பத்து சென்ட் காசுகளைச் சுருள் சுருளாக வாங்கிவந்து, வீட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக வருஷம் பார்ப்பார்கள். அந்தப் பத்து சென்ட்டுக்கு அங்கே டைம் என்று பெயர். 1964 வரை வருஷம் போட்ட டைம்களில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1965 முதல் செம்பும் நிக்கலும். வெள்ளி சிக்கினால் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிடைத்த காசுக்கு ஆன செலவு பத்து சென்ட்தான்.

நம்மூர்ல இது நடக்காது. நமக்கு டைமுக்குக் கிட்டத்தட்ட சமமான காசு நாலணா, அதாவது கால் ரூபாய். டைமின் எடை 2.5 கிராம், முழுவெள்ளி நாலணாவின் எடை 2.92 கிராம். 1957இல் அணா போய் நயா பைசா வந்தபோது நாலணா 25 பைசாவானது. அந்த 25 பைசாவும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போனது. வெள்ளி நாலணா அதற்கெல்லாம் வெகு முன்னாடியே கைமாற்றுப் புழக்கத்திலிருந்து மறைந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்களுக்கு இந்த மறைவைப் புரியவைக்க ரொம்பப் பேச வேண்டியதில்லை. சிப்காட் பக்கம் போனால் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு லாரிகள் உலைகளுக்குப் போவதைப் பார்க்கலாம். பொருளாக இருப்பதைவிட உலோகமாக இருப்பதற்கு விலை அதிகம் கிடைத்தால் பொருள் உலைக்குப் போகும். காசுக்கும் அதே கணக்குதான். அதனால் வெள்ளிக் காசு சேர்க்கிறவன் ஒவ்வொரு காசிடமும் கேட்க வேண்டிய கேள்வி, இது எப்படித் தப்பித்தது என்பது.

முதலில் ஒரு விஷயம். நம்ம பக்கத்துக்கு வெள்ளி, காசு உலோகமாகத் தாமதமாகத்தான் ஊன்றியது. வட இந்தியாவில் வெள்ளி ரூபாய் ஆண்ட காலத்திலும் தெற்கே தங்கமும் செம்பும்தான் பிரதானம். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே இருந்த அவர்களுடைய அக்கசாலையில் தங்க வராகனும் செப்புக் காசும் அடித்தார்கள். சென்னையில் ஆங்கிலேயர் நாணயம் அடித்த இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயரையும் பாருங்கள். ஆங்கிலத்தில் அது மின்ட் ஸ்ட்ரீட். தமிழில் தங்கசாலைத் தெரு. வெள்ளிசாலை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் சின்னச் செலவுக்கு வெள்ளியில் ‘பணம்’ அடித்தார்கள். ஒரு கிராம்கூடத் தேறாத குட்டிக் காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நம் முன்னோர்கள் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பணத்தில் ஒரு பக்கம் ஆங்கிலமும் பாரசீகமும், மறுபக்கம் தமிழும் தெலுங்கும் இருக்கும். ஒரு வெள்ளிக் காசில் தமிழ் எழுத்தைப் பார்க்க ஆசை என்றால், தேய்ந்த நிலையில் இதைத் தேடலாம். 1818இல் மெட்ராஸ் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியது. 1835இல் கம்பெனி ஆட்சி முழுக்க ஒரே ரூபாய். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எடை ஒரு தோலா. அதில் கால் பங்கு நாலணா. 1841இல் அதிலும் பாதியாக வெள்ளி ரெண்டணா வந்தது: 1.46 கிராம், கையிலிருந்து நழுவினால் தேடுவது கஷ்டம்.

அடுத்த எழுபது எண்பது வருஷம் ராஜா ராணி முகம் மாறியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கூத்தை மட்டும் சொல்லிவிடலாம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் காசுகள் வந்தபோது, அவர் அங்கியில் தொங்கிய பதக்கத்து யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. இஸ்லாமியர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 1912இல் துதிக்கையும் காதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி திருத்தினார்கள். பன்றி ரூபாய் வாங்க நிறையச் செலவாகும். அதே 1911ஆம் வருஷத்து நாலணாவிலும் ரெண்டணாவிலும் அதே ‘பன்றி’ உண்டு. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

உண்மையான கதை முதல் உலகப்போரில் தொடங்குகிறது. மெசபடோமியாவில் சண்டை போட்ட படைக்குச் சம்பளம், இங்கிருந்து போன தானியத்துக்கும் சணலுக்கும் விலை, எல்லாமே வெள்ளி ரூபாயில் கொடுக்க வேண்டியிருந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. ரூபாயின் சட்டப்படியான மதிப்பு 16 பென்ஸ். 1917இல் ரூபாய்க்குள் இருந்த வெள்ளி அதையும் தாண்டியது. அப்புறம் என்ன, செலவழிப்பதைவிட உருக்குவது லாபம். அரசாங்கம் 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டை இறக்கியது. 1918இல் இரண்டரை ரூபாய் நோட்டு. வெள்ளி ரெண்டணா 1917ஓடு நின்றது. 1918இல் அதற்குப் பதிலாகச் சதுரமாக ஒரு செம்பு நிக்கல் ரெண்டணா வந்தது. வெள்ளி ஓய்ந்தபோது முதலில் பறிபோனது ஏழையின் கையில் புழங்கிய சின்னக் காசு. பெரிய ரூபாய் இல்லை.

அப்படியும் போதவில்லை. 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி சுமார் 27 கோடி அமெரிக்க வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளியை பிரிட்டன் இந்தியாவுக்காக வாங்கியது. அந்த வருஷங்களில் அச்சான ரூபாயை உள்ளங்கையில் வைத்தால், அதற்குள் ஏதோ ஒரு அமெரிக்க டாலர் கரைந்து கிடக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதை, இன்னும் கொஞ்சம் மோசமாக. 1940 மார்ச்சில் வெள்ளியைக் குறைத்தபோது முதலில் கை வைத்தது நாலணாவில்தான். பன்னிரண்டில் பதினொன்றாக இருந்த வெள்ளி சரிபாதியானது. எட்டணா, ரூபாய் எல்லாம் அதற்குப் பிறகு. பழைய முழுவெள்ளி ரூபாய்களை விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று வரிசையாகச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். மறுபடியும் அமெரிக்க வெள்ளி வந்தது, இந்தத் தடவை கடனாக: 22.6 கோடி அவுன்ஸ், ஏழாயிரம் டன் அளவு. வாங்கியது வெள்ளி, திருப்பித் தர வேண்டியதும் வெள்ளி. சுதந்திரத்துக்குப் பிறகு, புழக்கத்திலிருந்த அரைவெள்ளிக் காசுகளைத் திரட்டி, கல்கத்தாவில் இதற்கென்றே அமைத்த சுத்திகரிப்பு ஆலையில் வெள்ளியைப் பிரித்தெடுத்து, 1957க்குள் கடனை அடைத்தார்கள்.

அதாவது நம் நாலணாக்கள் கப்பலேறி அமெரிக்கக் கருவூலத்துக்குப் போயின. அப்போது அங்கே டைம் இன்னும் வெள்ளியில்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. யூடியூபில் ஒருத்தர் 1960ஆம் வருஷத்து டைமைக் கண்டெடுத்துக் குதிக்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

சரி, இன்னிக்கு நாம எங்க தேடுறது? கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் புறநகர் ரயில் போய் நிற்கிற இடம் பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். பழைய புத்தகத்துக்கும் பழைய சாமானுக்கும் பேர்போன அந்தச் சந்தை 1985இல் எரிந்துபோனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தங்கசாலையும் சௌகார்பேட்டையும். நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சி இன்னும் நல்லது. ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பேரிடம் விலை கேட்கலாம். ரெண்டு சுற்று சுற்றிய பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

கடைக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன் ஒரு பெருக்கல் போட வேண்டும். முழுவெள்ளி நாலணாவில் சுத்த வெள்ளி 2.67 கிராம், ரெண்டணாவில் 1.34 கிராம், 1940களின் அரைவெள்ளி நாலணாவில் 1.46 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் வருவது உலோக விலை. சாதாரண வருஷத்துத் தேய்ந்த காசுக்கு அதற்கு மேல் கொஞ்சம் தரலாம். பல மடங்கு கேட்டால், அந்த வருஷம் ஏன் அபூர்வம் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்த மேஜை. மாதம் ஒரு காசு என்று வைத்துக்கொண்டாலே, நாலாம் வில்லியம், விக்டோரியா ராணி, சக்கரவர்த்தினி விக்டோரியா, மகுடமில்லாத வழுக்கைத்தலை எட்வர்ட், இரண்டு ஜார்ஜ்கள் என்று ஒரு நூறு வருஷ வரிசை அரை வருஷத்தில் தேறிவிடும்.

பத்து மில்லிகிராம் வரை காட்டும் குட்டித் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. தேய்ந்த காசு எடை குறையலாம், கூடாது. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியில்லை. விளிம்பில் வார்ப்புத் தழும்பு ஓடினால் போலி. ரொம்ப முக்கியம், காசைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளியும் வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதியும் சரி. காசில் படிந்த கருப்பு அதன் வயசு, அதைத் தேய்த்து எடுத்தால் விலையும் கூடவே போய்விடும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கணும். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷச் சட்டம். பழவேற்காட்டில் தோண்டிக் கிடைத்தது என்று யாராவது ஒரு டச்சுக் காசை நீட்டினால் யோசித்து வாங்குங்கள். நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பவும் கூடாது.

கடைசியாக, நல்ல சேகரிப்பாளர்கள் ஒதுக்கித் தள்ளும் ஒரு ரகம் இருக்கிறது. மேலே வளையம் பற்றவைத்த காசு, ஓட்டை போட்ட காசு. காசு மாலையிலோ குழந்தையின் அரைஞாணிலோ கோத்திருந்தவை. சந்தையில் இவை உலோக விலைக்கே கிடைக்கும், பல சமயம் தனிப் பெட்டியில் குவியலாக. ஆல்பத்தில் வைக்க அசிங்கம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாசு மருவில்லாத நாலணா ஏதோ ஒரு பெட்டியில் தூங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். ஓட்டை போட்ட நாலணாவை ஒரு வீட்டில் யாரோ நகை என்று முடிவு செய்தார்கள். 1917இல் வெள்ளி விலை ஏறியபோதும், 1940களில் சர்க்கார் திரும்ப வாங்கியபோதும் அதைக் கழற்றித் தரவில்லை. வளையத்தின் அடியில், கழுத்துத் தோலில் உரசிய பக்கத்தில், ராணியின் மூக்கு முழுசாக மழுங்கியிருக்கும். வருஷம் மட்டும் பூதக்கண்ணாடியில் தெரியும்.